பிரேக் ஒயில் மூடி ஸ்க்ரூ வழுகினால்: இம்பாக்டா, பேஸ்டா, ட்ரில்லா?

கல்லடியிலிருந்து பொத்துவில் வரை கடலோரம் ஓடுகிற பைக்கின் ஹேண்டில்பாரில், பிரேக் ஒயில் நிற்கிற சின்னப் பெட்டியோடு இருக்கும் முன் பிரேக் மாஸ்டர் சிலிண்டரைக் குனிந்து பாருங்கள். மூடியில் இருக்கிற இரண்டு ஸ்க்ரூத் தலைகளைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி இருக்கும். அது இரும்புக் கறள் இல்லை, அரிபட்ட அலுமினியம். இரும்பு ஸ்க்ரூவும் அலுமினிய உடலும் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். அந்தப் பொடி பெருத்துப் புரிக்குள் நெருக்கிக்கொள்ளும். மீன் பெட்டி கட்டி ஓடுகிற பைக் என்றால் இன்னும் மோசம்.

ஸ்க்ரூ பெரும்பாலும் எம்4 அளவு (புரியின் விட்டம் 4 மில்லிமீற்றர்), 12 மில்லிமீற்றர் நீளம், தலை மூடிக்குள் பதிந்து உட்காரும் வகை. இவ்வளவு சின்னதுக்குப் பலம் தேவையில்லை. ஆனால் ஹேண்டில்பாரில் எந்த முறையை எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது ஸ்க்ரூவின் இறுக்கம் இல்லை, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான். பிரேக் ஒயிலா, பிளாஸ்டிக்கா, கட்டி உலோகமா?

ஒயிலில் ஊறவிடுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. மண்ணெண்ணெய், டீசல், டபிள்யூடி-40, எது கையில் அகப்படுகிறதோ அது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிற பார் கிளாம்ப் போல்டுக்கு நல்ல வழி: மாலையில் விட்டுக் காலையில் கழற்றலாம். பிரேக் மூடிக்கு இது வேண்டாம். டொட் 3, டொட் 4 என்கிற பிரேக் ஒயில் வகைகளுக்கென்று செய்த ரப்பர் சீல்கள் பெற்றோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருக்கும். பிஸ்டன் திரும்பி வராது, பிரேக் பிடித்தபடி நிற்கும். தலை பதிந்து உட்காருவதால் எண்ணெய் புரிவரை போவதும் சந்தேகம். விட்டே ஆகவேண்டுமென்றால் ஈர்க்கு நுனியில் தொட்டு ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

அடுத்தது ஸ்க்ரூ டிரைவர். தலை வழுகுவதில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. ஜப்பான் பைக்குகளின் ஸ்க்ரூத் தலையில் இருப்பது ஜேஐஎஸ் என்கிற ஜப்பான் தர அளவுக் கூட்டல்குறி வெட்டு. சாதாரண பிலிப்ஸ் முனை அதன் அடியில் போய் முட்டி நிற்கும், பக்கச் சுவரைப் பிடிக்காது. திருப்பினால் மேலே ஏறிக்கொண்டு வெட்டைத் தின்னும். ஜேஐஎஸ் 2ஆம் நம்பர் முனை இரண்டு வகையிலும் ஓரளவு சரியாக உட்காரும், ஆகவே ஒன்றுதான் வாங்குவதென்றால் அதை வாங்குங்கள். முதலில் ஊசியால் வெட்டுக்குள் இருக்கிற அழுக்கைக் கிண்டி எடுக்க வேண்டும். பிறகு தட்டை முனை ‘பஞ்ச்’ கம்பியைத் தலையில் வைத்துச் சின்னச் சுத்தியலால் நாலைந்து தட்டு. வழுகிய உலோகம் உள்ளே அமுங்கி வெட்டு மறுபடி கொஞ்சம் இறுகும், பொடியின் பிடியும் உடையும். உடல் எடையை மேலே கொடுத்துத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் முடிந்தது வேலை.

வெட்டு பாதி போயிருந்தால் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட். எஞ்சின் ஹெட் வேலை செய்கிற கராஜில் இருக்கும், ஓர் அரிசி மணியளவு போதும். அதிலுள்ள சாணைத் துகள் முனைக்கும் சுவருக்கும் நடுவில் கடித்துக்கொள்ளும். ரப்பர் பேண்ட் வைத்துத் திருப்புகிற வித்தை மரத்தில் ஏறிய ஸ்க்ரூவுக்குச் சரிவரலாம். உப்பில் இறுகியதற்கு ரப்பர் கிழிவதுதான் மிச்சம்.

சுத்தியலால் அடித்தால் முனை திரும்புகிற இம்பாக்ட் டிரைவர் பற்றி ஊரில் பெரிய நம்பிக்கை இருக்கிறது. எஞ்சின் கவர் ஸ்க்ரூவுக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை, அது உண்மை. ஆனால் ஹேண்டில்பார் ஸ்பிரிங் மாதிரி ஆடும், அடியில் பாதியை அதுவே விழுங்கிவிடும். மீதி அடி மெல்லிய வார்ப்பில் இறங்கும், மூலை வெடிக்கலாம். செய்வதென்றால் மாஸ்டர் சிலிண்டரின் கிளாம்ப் போல்ட் இரண்டையும் கழற்றி, ஹோஸைக் கழற்றாமலே மரக்கட்டையில் வைத்து, இன்னொருவர் பிடிக்க அடியுங்கள். சுவிட்ச் பெட்டி ஸ்க்ரூவுக்கு மட்டும் இதை எடுக்கவே கூடாது. பிளாஸ்டிக் முதல் அடியிலேயே பிளக்கும்.

வெட்டே இல்லாமல் மொழுக்கென்று போன தலைக்கு இரண்டு வழி பேசப்படும்: ஸ்க்ரூவில் ஓட்டை போட்டு உள்ளே திருகி இறக்கி அதை வெளியே எடுக்கிற ஈஸி அவுட், அல்லது தலையை ட்ரில் பண்ணி எடுப்பது. எம்4க்கு ஈஸி அவுட் போட 2 மில்லிமீற்றர் ஓட்டை போட வேண்டும். அந்த மெல்லிய ஈஸி அவுட் உள்ளே முறிந்தால், கடினப்படுத்திய உருக்கு, சாதாரண பிட் அதில் ஏறாது. ஒரு ஸ்க்ரூ பிரச்சினை ஒரு மாஸ்டர் சிலிண்டர் செலவாகிவிடும். அதனால் தலையை எடுப்பதே மேல். வழுகிய வெட்டின் குழியே பிட்டுக்கு நடுவைக் காட்டும். முதலில் 2.5, பிறகு 4.5 பிட், மெதுவான வேகம். 2 மில்லிமீற்றர் சொச்சம் இறங்கியதும் தலை வளையம் போல பிட்டோடு சேர்ந்து சுற்றும். அங்கே நிறுத்த வேண்டும்.

மூடியைத் தூக்க அவசரப்படாதீர்கள். காந்தம் இரும்புத் தூளை எடுக்கும், அலுமினியத் தூளை எடுக்காது. பிரஷ், பிறகு ஈரத்துணி. ஒயில் திரும்புகிற துளை ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. ஒரு சுருள் அதில் விழுந்தால் முன் சக்கரம் இறுகும். மூடியை எடுத்தால் ஸ்க்ரூவின் தண்டு 2, 3 மில்லிமீற்றர் வெளியே நிற்கும். தலையின் இழுவை போய்விட்டதால் சின்ன வைஸ் கிரிப்பால் (பிடித்தபடி பூட்டிக்கொள்ளும் குறடு) பிடித்தால் பெரும்பாலும் சும்மா சுழன்று வரும். தண்டும் முறிந்தால் லேத் கடைக்குப் போகவேண்டியதுதான்: 3.3 பிட் போட்டு எம்4 டாப்பால் புதிதாகப் புரி வெட்டுவார்கள்.

பார் கிளாம்பின் எம்8 அலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) வேறு கதை. 6 மில்லிமீற்றர் குழி வழுகினால் கால் அங்குல அலன் சாவியை அடித்து இறக்குங்கள், 6.35 என்பதால் கடித்துக்கொள்ளும். இங்கே பின்னால் இருப்பது கட்டி உலோகம், சுத்தியலுக்குப் பயமில்லை.

புது ஸ்க்ரூவுக்கு ஸ்டெயின்லெஸ் போடுகிறவர்கள் புரியில் கிரீஸ் தடவாமல் போட்டால் அலுமினியம் முன்னையதைவிட வேகமாக அரிபடும். புரியில் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள், ஒயில் பக்கம் படாமல். இரண்டு விரலால் பிடித்து இறுக்கினாலே போதும். ஒயில் கசியாமல் காப்பது மூடிக்குக் கீழே இருக்கிற ரப்பர்தான்.