3 மி.மீ. என்றார், தராசு வேறு சொன்னது

பிக்கப் வண்டிக்கு அடியில் ஸ்கிட் பிளேட் (கட்டை, கல் இடிக்காமல் இன்ஜின் அடியைக் காக்கும் தகடு) மாட்டப் போகிறவர்கள், மாட்டுவதற்கு முன்னால் தகட்டைத் தராசில் ஏற்றிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. 6,500 ரூபாயும் போச்சு, இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பும் போச்சு.

எங்கள் வாழை திருவையாற்றுக்கு வடக்கே, கொள்ளிடம் படுகையில். வாழைத்தார் ஏற்ற வண்டி உள்ளே போயே ஆகவேண்டும். பாதை என்று ஒன்றும் கிடையாது. மணல், வண்டல், நாணல், வெட்டிவிட்ட மூங்கில் கட்டை. அதற்காகத்தான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் தகடு கேட்டேன். "3 மி.மீ. இரும்புண்ணே, கண்ண மூடிட்டு ஓட்டலாம்" என்றார். ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன், தடிமனாகத்தான் இருந்தது. பில் கேட்டதற்கு ஜிஎஸ்டி சேருமே என்றார். சரி என்று விட்டேன். அங்கேயே கோட்டை விட்டாயிற்று.

இரண்டாவது வாரமே ஒரு மூங்கில் கட்டை. வேகம்கூட இல்லை, முதல் கியர்தான். தகடு மேலே குழிந்து சம்ப்பில் முட்டி, ஆயில் வடிக்கும் போல்ட் பக்கம் வெடிப்பு. ஆயில் விளக்கு எரிந்ததும் நிறுத்திவிட்டதால் இன்ஜின் தப்பியது. டிராக்டர் வைத்துத்தான் கரையேற்றினோம்.

கழற்றிய தகட்டைத் தார் நிறுக்கும் தராசில் வைத்தேன். மூன்றடிக்கு இரண்டடி, 3 மி.மீ. இரும்பென்றால் 13 கிலோ வரவேண்டும். காட்டியது ஏழே முக்கால். உள்ளபடி அது 1.6 மி.மீ. தகடு, ஓரத்தை மட்டும் மடித்து அடித்து இரட்டைத் தடிமன் காட்டியிருக்கிறார்கள். பட்டறையில் இதை 16 கேஜ் என்பார்கள். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும், ஏமாந்துவிடாதீர்கள். அலுமினியம் என்று விற்றால் காந்தம் வையுங்கள், ஒட்டக்கூடாது.

மாட்டிய விதமும் மோசம். முன்பக்கம் இரண்டு போல்ட்தான் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில். பின்பக்கம் மெல்லிய பட்டையில் தொங்கியது. ஆயில் மாற்ற ஓட்டை இல்லை, தண்ணீர் வடியவும் வழியில்லை. உள்ளே புகுந்த களி காய்ந்து செங்கல்லாகக் கிடந்தது.

திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினால், "நீங்க ஓட்டின விதம் அப்படி" என்கிறார். பில் இல்லாமல் என்ன பேசுவது?

வேறொரு பட்டறைக்குத் தராசைக் கையோடு எடுத்துப்போனேன். "இது என்ன வாழைத்தாராண்ணே?" என்று சிரித்தார் அவர். ஓட்டை போடுவதற்கு முன் நிறுத்தேன். 13 காட்டியது. மாட்டச் சொன்னேன், நான்கு போல்ட்டும் சேஸிஸில்.