ஸ்மைலா, லேசிக்கா, பிஆர்கேயா? விலை அட்டையை அப்புறம் பார்க்கலாம்

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. பாதி ஏறியதும் பனி இறங்கிவிட்டால், ஹெல்மெட்டுக்குள் மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவர் பாடு பெரும்பாடு. துடைத்தால் ஈஷிக்கொள்ளும், கழற்றினால் எதிரே வருவது பஸ்ஸா பாறையா என்று தெரியாது. போன டிசம்பரில் நானும் தம்பியும் அப்படி ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நின்றபோதுதான், போதும்டா சாமி, கண்ணாடியைத் தூக்கிப் போட கண்ணுக்கு லேசர் பண்ணிக்கொள்வோம் என்று முடிவெடுத்தோம். எனக்கு மைனஸ் 4, கூடவே சிலிண்டர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததால் வரும் பவர்) 2. அவனுக்கு சிலிண்டர் இல்லாமல் நேராக மைனஸ் 6. இரண்டு பேருக்கும் இரண்டு வருடமாகப் பவர் மாறவில்லை.

எந்த லேசர் என்பதில்தான் மூன்று வாரம் ஓடியது.

முதலில் போன ஆஸ்பத்திரியில் கண்ணை யாரும் பார்ப்பதற்கு முன்பே கவுன்சிலர் விலை அட்டையை நீட்டினார். மேலே ஸ்மைல், அதற்குக் கீழே கான்டூரா, அப்புறம் லேசிக், கடைசி வரியில் பிஆர்கே. “ஸ்மைல்தான் மேடம், இப்ப எல்லாரும் அதைத்தான் பண்ணிக்கறாங்க” என்றார். பட்டுப்புடவைக் கடையில் மேல் தட்டிலிருந்து எடுத்துப் போடுகிற மாதிரி இருந்தது. கடைசியில் நாங்கள் இரண்டு பேருமே அந்த மேல் தட்டை எடுக்கவில்லை என்பது வேறு கதை.

மூன்றும் செய்வது ஒரே வேலைதான்: கருவிழியின் மேல் இருக்கும் கண்ணாடி மாதிரியான கார்னியாவின் வளைவை மாற்றுவது. கிட்டப்பார்வை என்றால் நடுவில் கொஞ்சம் தட்டையாக்க வேண்டும். எந்த வழியாக உள்ளே போய்ச் செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

லேசிக்கில் கார்னியாவின் மேல்பக்கத்தில் சுமார் 110 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) தடிமனுக்கு ஒரு மூடி வெட்டி, புத்தக அட்டையைத் திருப்புகிற மாதிரி திருப்பிவிட்டு, உள்ளே எக்ஸைமர் லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்பப் படியவைக்கிறார்கள். மூடியை பிளேடால் வெட்டினால் சாதா லேசிக், இன்னொரு லேசரால் வெட்டினால் ஃபெம்டோ லேசிக். கான்டூரா என்று தனி ஆபரேஷன் எல்லாம் கிடையாது. கார்னியாவின் மேடுபள்ளத்தை வரைபடம் எடுத்து அதன்படி செதுக்குகிற லேசிக்தான், மூடி அதிலும் உண்டு. ஸ்மைலில் மூடி கிடையாது. கார்னியாவுக்கு உள்ளேயே லேசர் ஒரு மெல்லிய வில்லையை வெட்டிவிடும், டாக்டர் ஓரத்தில் 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக அதைக் கையால் பிரித்து உருவி எடுப்பார். லேசர் ஓடுவது அரை நிமிடம் போல, மீதியெல்லாம் கைப்பழக்கம். அதனால் இதில் மெஷின் பெயரைக் கேட்பதைவிட டாக்டர் எத்தனை கண்ணுக்குச் செய்திருக்கிறார் என்று கேட்பது உருப்படியான கேள்வி. பிஆர்கே மூன்றிலும் மூத்தது, அமெரிக்காவில் 1995-லேயே அனுமதி வாங்கிவிட்டது. ஸ்மைலுக்கு அங்கே 2016-ல்தான் கிடைத்தது. பிஆர்கேயில் வெட்டே இல்லை. கார்னியாவின் மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு நேராக எக்ஸைமர் லேசர், அவ்வளவுதான். தோல் தானாக வளர்ந்து மூடிக்கொள்ளும். வளரும் வரைக்கும்தான் வலி.

எக்ஸைமர் ஓடும்போது முடி கருகுகிற வாசனை வரும், பயந்துவிடாதீர்கள், உண்மையில் எதுவும் கருகுவதில்லை. உயிருள்ள திசுவைச் சுடாமல் இழை இழையாகச் செதுக்க அந்த லேசரால் முடியும் என்று 1981-ல் கண்டுபிடித்த ஐபிஎம் குழுவில் இருந்தவர் நம் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் அதன் மேல் லேசரைப் பாய்ச்சிப் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவதாகப் போன இடத்தில் பேச்சே இல்லாமல் கார்னியாவின் தடிமனையும் வடிவத்தையும் அளக்கிற பென்டாகேம் ஸ்கேனில் உட்கார வைத்தார்கள். எனக்கு கார்னியா தடிமன் 560 மைக்ரான், தம்பிக்கு 490. டாக்டர் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு பவருக்குச் சுமார் 15 மைக்ரான் செதுக்க வேண்டும் என்று வைத்தால், எனக்கு நாலும் ரெண்டும் ஆறு, அவனுக்கு ஆறு, ஆக இரண்டு பேருக்கும் அதே 90. மூடிக்கு 110. என் கண்ணில் லேசிக் செய்தால் அடியில் 360 மிச்சம். அவன் கண்ணில் 290. 250-க்குக் கீழே போகவே கூடாது, பல டாக்டர்கள் 300 இருந்தால்தான் கை வைப்பார்கள். அதுவுமில்லாமல் மொத்தத் தடிமனில் 40 சதவீதத்துக்கு மேல் தொட்டால் பிற்பாடு கார்னியா பிதுங்கும் அபாயம் கூடுகிறது. அவனுக்கு 41 வந்தது. ஸ்மைலில் வில்லை இன்னும் கொஞ்சம் தடிமனாக வரும், அதிலும் கணக்கு இடிக்கிறது. மேல்பக்க நார்கள் அறுபடாததால் ஸ்மைலில் பலம் அதிகம் மிஞ்சும் என்று ஒரு வாதம் உண்டு, எங்கள் டாக்டர் அதை நம்பி இறங்கத் தயாராக இல்லை. பிஆர்கே என்றால் 50 மைக்ரான் தோல் போய்த் திரும்ப வந்துவிடும், அடியில் 350 நிற்கும். தடிமன் போதுமானதாக இருந்தும் வரைபடத்தில் வடிவம் கோணலாக இருந்தால் மூன்றுமே கிடையாது. கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிற பழக்கம் உள்ளவர்கள் இதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

தம்பிக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பிஆர்கே அன்று சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தான். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு படுத்திருந்தான். “வெங்காயத்த அரைச்சு உள்ள வச்சு கட்டின மாதிரி இருக்குக்கா” என்றான். தோல் வளரும் வரைக்கும் கண்ணுக்கு மூடியாக வைத்திருந்த பேண்டேஜ் லென்ஸை ஐந்தாம் நாள் எடுத்தார்கள். வலி போய்விட்டது, பார்வை மட்டும் இரண்டு வாரம் பால் கலந்த தண்ணீர் வழியாகப் பார்ப்பது போல. கொலுசில் முத்து கோப்பதற்கு மாதம் ஒன்றாகிவிட்டது. பவர் கூட இருப்பவர்களுக்குப் பிஆர்கேயில் கார்னியா மங்கலாகிற தொல்லை வரலாம். அது வராமலிருக்க ஆபரேஷனின்போதே மைட்டோமைசின் என்ற மருந்தை வைத்தார்கள், சொட்டு மருந்து மாதக்கணக்கில், வெளியே போனால் கறுப்புக்கண்ணாடி கட்டாயம். ஜனவரியில் செய்தோம், சித்திரை வெயிலில் செய்திருந்தால் சேலத்தில் அவனை வீட்டுக்குள் கட்டித்தான் போட்டிருக்க வேண்டும்.

எனக்கு ஸ்மைலும் ஒத்துவரும் என்றார்கள். கண் வறட்சி அதில் குறைவு, அடிபட்டால் நகர்வதற்கு மூடியும் இல்லை. கபடி ஆடுகிறவர், கையை வீசுகிற கைக்குழந்தை வீட்டில் இருப்பவர் என்றால் நானே ஸ்மைலைத்தான் சொல்வேன். ஆனால் எனக்கு சிலிண்டர் 2. சிலிண்டரில் கோணம் பிசகக் கூடாது, படுத்ததும் கண் லேசாகச் சுழன்றுகொள்ளும். லேசிக் மெஷின் அந்தச் சுழற்சியைப் பிடித்துத் திருத்திக்கொள்கிறது, அங்கே இருந்த ஸ்மைல் மெஷினில் அந்த வசதி இல்லை. பிற்பாடு மிச்சப் பவர் வந்தால் லேசிக்கில் மூடியைத் தூக்கித் திருத்தலாம், ஸ்மைலில் பெரும்பாலும் பிஆர்கேதான் கதி. ஃபெம்டோ லேசிக் செய்துகொண்டேன். மறுநாள் காலையில் எதிர்வீட்டு மாடிக் கொடியில் காய்ந்த துணியின் கிளிப்பை எண்ண முடிந்தது. அதற்கான விலை, நாலு மாதம் கைப்பையில் செயற்கைக் கண்ணீர் பாட்டில்.

பணத்தைப் பற்றி ஒன்று: பவர் 7.5-க்குக் கீழே என்றால் மெடிக்கல் இன்சூரன்ஸ் தராது, விதியே அப்படி. போலீஸ், ராணுவம் என்று தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அறிவிப்பில் லேசரைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று வரி விடாமல் படித்துவிட்டுக் கை வையுங்கள். நாற்பது தாண்டியவர்களுக்கு எதைச் செய்தாலும் படிக்கிற கண்ணாடி வந்து சேரும். எங்கள் மாமா இதைக் கேட்டதும் ஆபரேஷனே வேண்டாம் என்று கிளம்பி வந்துவிட்டார்.

போன வாரம் ஏற்காட்டிலிருந்து இருட்டின பிறகு இறங்கினோம். எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி எனக்கு இன்னும் மெல்லிசாக ஒரு வளையம் தெரிகிறது, தம்பிக்குத் தெரியவில்லையாம். இரண்டாவது வளைவிலேயே சாவியை அவனிடம் கொடுத்துவிட்டேன்.