செயலித் தொடக்க நிரல்: இணைப்பதா, தனித்தனியே வைப்பதா?

பெரம்பூரிலும் தண்டையார்பேட்டையிலும் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலைப் பயிலும் மாணவர்கள், 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் இரட்டித்துக் கிடக்கும் செயலித் தொடக்க நிரலை, அதாவது கணினி தொடங்கும்போது அதன் செயலிகளை (பிராசஸர்களை) இயக்கத்துக்குக் கொண்டுவரும் நிரலை, இணைக்கலாமா என்று கேட்கிறார்கள்.

பராமரிப்பு: தனித்தனியே இருந்தால், ஒரு கோப்பில் திருத்திய பிழை மற்றதில் அப்படியே தங்கிவிடக்கூடும், இணைத்தால் ஒரே திருத்தம் போதும்.

ஆபத்து: தனிக் கோப்பில் செய்த தவறு ஒரு கட்டமைப்பை (32 அல்லது 64 பிட்டை) மட்டும் பாதிக்கும், இணைத்த கோப்பில் இரண்டையும் பாதிக்கும். தொடக்கத்திலேயே இயந்திரம் நின்றால் திரையில் பிழைச்செய்திகூட வராமல் போகலாம்.

2008 ஜனவரியில் வெளிவந்த கெர்னலின் 2.6.24 பதிப்பில் ஐ386 (32 பிட்), எக்ஸ்86-64 (64 பிட்) அடைவுகள் எக்ஸ்86 என ஒன்றானபோதும், பல கோப்புகள் 32, 64 என்ற பின்னொட்டுகளுடன் அருகருகே வைக்கப்பட்டன. பல செயலிகளைத் தொடக்கும் எஸ்எம்பி பூட் கோப்புகள் பின்னரே ஒன்றாயின. அந்த நிதானமே சரியென்பது என் உறுதியான கருத்து. இரு கோப்புகளையும் சிறுசிறு மாற்றங்களால் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரு கட்டமைப்புகளிலும் இயக்கிப் பார்த்து, கடைசியில் இணைத்தால், பழுது எந்த மாற்றத்தால் வந்தது என்பதை எளிதில் கண்டறியலாம்.

தெளிவு: ஒரு பகுதியை 32 பிட்டுக்கோ 64 பிட்டுக்கோ மட்டும் சேர்க்கச் சொல்லும் நிபந்தனைத் தொகுப்பு வரிகள் மலிந்தால், இணைத்த கோப்பே படிக்கக் கடினமாகும்.

ஆகவே, முதல் செயலியைத் தவிர மற்றச் செயலிகளை இனிட், சிப்பி என்னும் சமிக்ஞைகளால் எழுப்பும் சி மொழி நிரல் இரண்டுக்கும் பொதுவென்பதால் அதை இணையுங்கள். பக்கமாக்கலை (நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்தாளும் முறையை) இயக்கி, லாங் மோடு எனும் 64 பிட் நிலைக்குள் நுழையவேண்டிய 64 பிட்டின் அசெம்பிளி மொழி நுழைவாயிலைத் தனியே விடுங்கள்.