பார்வையாளர் கூடாமலே மூன்று மடங்கு வருமானம்: 45,000 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த விதம்

சமையலறைச் சாதனங்களைப் பற்றி ஏழு ஆண்டுகளாகத் தமிழில் ஒரு இணையதளம் நடத்தி வருகிறேன். கிரைண்டர், மிக்சி, குக்கர் என்று ஒவ்வொன்றையும் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்து, எது உழைக்கும், எது ஆறே மாதத்தில் பழுதுபார்க்கும் கடைக்குப் போகும் என்று எழுதுவேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,100 பேர் வருகிறார்கள். அவர்களில் யாராவது கட்டுரையில் உள்ள அமேசான் இணைப்பின் வழியே சென்று பொருள் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும். மாதம் பத்தாயிரம், மிஞ்சிப்போனால் பதினோராயிரம் ரூபாய் என்ற அளவிலேயே அந்த வருமானம் இரண்டு ஆண்டுகளாக நின்றுவிட்டிருந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அந்த ஆலோசகர் அறிமுகமானார். "ஒரு பார்வையாளர்கூட அதிகம் வேண்டாம், 60 நாளில் வருமானம் மூன்று மடங்கு" என்பது அவருடைய வாக்குறுதி. கட்டணம் 45,000 ரூபாய். முன்பணம் 25,000, பலன் தெரிந்த பிறகு 20,000.

அவர் சொன்ன கணக்கில் பிழை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் விழுந்ததும் அந்தக் கணக்கில்தான். வருகிறவர்களில் எத்தனை பேர் இணைப்பைச் சொடுக்குகிறார்கள், சொடுக்கியவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள், வாங்கும் பொருளின் விலை என்ன, அந்தப் பொருள் வகைக்குக் கமிஷன் எத்தனை சதவீதம் என்ற நான்கும் பெருக்கப்பட்டுத்தான் வருமானமாகிறது. இந்த நான்கில் ஒன்று இரட்டித்தாலும், வாசகர் எண்ணிக்கை அப்படியே இருக்க, வருமானம் இரட்டிக்கும். ஒருவர் இணைப்பைச் சொடுக்கிய 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் அமேசானில் நமக்குக் கமிஷன் உண்டு என்பதையும், அந்த நேரத்துக்குள் பொருளைக் கூடையில் போட்டுவிட்டால் அந்தக் கெடு 90 நாள் வரை நீளும் என்பதையும் அவர் சரியாகவே விளக்கினார். விஷயம் தெரிந்தவர் என்ற நம்பிக்கை எனக்கு வந்துவிட்டது. தளத்தின் அட்மின் கடவுச்சொல்லைக் கேட்டார், கொடுத்தேன். வீட்டுச் சாவியைக் கொத்தாகத் தூக்கிக் கொடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

முதல் வாரத்தில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றங்கள் இரண்டு. "இந்த இணைப்புகளின் வழியே வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்" என்று ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பிலும் நான் எழுதி வைத்திருந்த வரியை, சொடுக்குவதைத் தடுக்கிறது என்று சொல்லி எடுத்துவிட்டார். அந்த அறிவிப்பு இருக்க வேண்டும் என்பது அமேசானின் நிபந்தனை. அடுத்ததாக, ஒவ்வொரு பொருளின் கீழும் "சலுகை முடிய இன்னும் 14 நிமிடம்" என்று ஓடும் ஒரு கடிகாரத்தை வைத்தார். பக்கத்தை மூடித் திறந்தால் அது மறுபடியும் 14 நிமிடத்திலிருந்து ஓடியது. பொய்யான அவசரத்தை உண்டாக்கி விற்பதை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விதிமுறைகள் தடை செய்திருக்கின்றன. அதில் வரையறுக்கப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் இதுவும் ஒன்று. எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது, ஆனால் அமேசான் அறிக்கையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பழியை அவர்மேல் போட முடியாது.

நாளொன்றுக்கு 70 என்றிருந்த சொடுக்குகள் முதல் மாதத்தில் 600ஐத் தாண்டின. அறிக்கையில் 24,000 ரூபாய் காட்டியது. அறிக்கையில் தெரியும் தொகை, அந்த மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்துத்தான் வங்கிக்கு வரும் என்பதும், திருப்பி அனுப்பப்பட்ட பொருள்களுக்கான கமிஷன் கழிக்கப்படும் என்பதும் தெரிந்திருந்தும், பணம் கைக்கு வருமுன்பே மீதி 20,000 ரூபாயை அனுப்பிவிட்டேன். அது போனதும் எண்கள் இறங்கத் தொடங்கின. கேட்டால் "சீசன் இல்லை" என்பார். மூன்றாம் மாதம் அறிக்கை 7,800 ரூபாயில் வந்து நின்றது. நான் பழைய நிலைக்கும் கீழே போயிருந்தேன்.

உண்மையை எனக்குக் காட்டியவர் தென்காசியில் இருக்கும் என் அத்தை. "தம்பி, உன் பக்கத்துல எங்க தொட்டாலும் கடை தானா தெறக்குதே, போன்ல ஏதும் வைரஸ் புகுந்துட்டா?" என்று ஒரு நாள் இரவு தொலைபேசியில் கேட்டார். என் மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு அமேசான் செயலி இல்லாத என் மனைவியின் போனை (செயலி இருந்தால் இணைப்பு அதற்குள் திறந்து முகவரி தெரியாமல் போய்விடும்) வாங்கி, கிரைண்டர் கட்டுரையைத் திறந்து, இணைப்பே இல்லாத ஒரு வெற்றிடத்தில் விரலை வைத்தேன். பின்னால் ஒரு புதிய தாவலில் அமேசான் திறந்துகொண்டது. முகவரிப் பட்டையை நகர்த்திக் கடைசிவரை படித்தேன். இந்திய அமேசானில் ஒவ்வொரு அஃபிலியேட்டுக்கும், அதாவது என்னைப்போல் இணைப்பு கொடுத்துக் கமிஷன் பெறுபவருக்கும், உரிய அடையாளக் குறி 21 என்ற எண்ணில் முடியும். என் குறியில் அந்த எண்ணுக்கு முன்னால் என் தளத்தின் பெயர் இருக்கும். அங்கே நான் கேள்விப்படாத ஒரு பெயர் இருந்தது. மூடி மூடித் திறந்து, கட்டுரையின் உண்மையான இணைப்புகளையும் சேர்த்து இருபது முறை தொட்டுப் பார்த்ததில், பதின்மூன்று முறை என் குறியும் ஏழு முறை அந்த வேற்றுக் குறியும் வந்தன.

என் தளம் இயங்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் மறுநாள் இதைச் செய்த கோப்பைத் தேடிப் பிடித்தார். படங்களின் அளவைக் குறைக்கும் ப்ளகின் (தளத்தோடு சேர்க்கும் துணை நிரல்) என்ற பெயரில் அது உட்கார்ந்திருந்தது. தளத்தின் உரிமையாளராக உள்நுழைந்தவருக்கு எதையும் காட்டாதே, பகலில் சும்மா இரு, இரவு எட்டு மணிக்கு மேல் கைபேசியில் வருபவர்களிடம் மட்டும் வேலையைக் காட்டு என்று அதில் எழுதியிருந்தது. முதல் மாதத்தில் வாசகரை அவருக்கே தெரியாமல் கடைக்குத் தள்ளி என் கணக்கை வீங்க வைத்ததும், மீதிப் பணம் கிடைத்த பின் ஒரு பங்கை ஆலோசகரின் குறிக்குத் திருப்பியதும் இதே நிரல்தான். இணைப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்து நகலெடுத்தால் என் குறியே தெரியும். தொடும் கணத்தில்தான் மாறும். சாமர்த்தியம் இருந்தது, மறுக்கவில்லை.

பணம் போனதைவிட வேறொன்று என்னை அதிகம் நடுங்க வைத்தது. வாசகர் விரும்பாமலே அவரைக் கடைக்கு அனுப்பிக் கமிஷன் பெறுவது அமேசான் ஒப்பந்தத்தை மீறுவதாகும், அந்தக் கணக்கு என் பெயரிலும் என் பான் எண்ணிலும் இருக்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த குக்கி திணிப்பு (ஒருவர் நம் இணைப்பின் வழியே வந்ததாக, அவர் அறியாமலே அவருடைய உலாவியில் பொய்க் குறிப்பைப் பதிப்பது) என்ற மோசடிக்காக, ஈபே நிறுவனத்தின் மிகப் பெரிய அஃபிலியேட்டுகளில் ஒருவராக இருந்த ஷான் ஹோகனுக்கு அமெரிக்க நீதிமன்றம் 2014இல் ஐந்து மாதச் சிறைத்தண்டனை விதித்தது. என் தளத்தில் நடந்தது எனக்குத் தெரியாது என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆகவே அன்றே அந்தக் கோப்பை நீக்கி, நடந்ததை ஒளிக்காமல் அமேசானுக்கு நானே எழுதி, வேற்றுக் குறியின் படங்களையும் இணைத்து அனுப்பினேன். கடவுச்சொற்களை மாற்றும்போது, "சப்போர்ட்" என்ற பெயரில் இரண்டாவது அட்மின் கணக்கு ஒன்றை அந்த ஆலோசகர் உருவாக்கி வைத்திருந்ததும் தெரிந்தது. அதை விட்டிருந்தால் கடவுச்சொல்லை மாற்றியும் பயன் இருந்திருக்காது. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் புகார் கொடுத்துள்ளேன். இதுவரை கிடைத்திருப்பது ஒப்புகை எண் மட்டும். அவருடைய போன் அணைந்தே கிடக்கிறது.

பிறகு நானே உட்கார்ந்து செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே அமேசான் கணக்கில் பல அடையாளக் குறிகளை உருவாக்கிக்கொள்ளலாம் என்பதால், அதிகம் படிக்கப்படும் இருபது கட்டுரைகளுக்குத் தனித்தனிக் குறி கொடுத்தேன். ஒரு மாதத்தில் விவரம் வெளியானது: குக்கர் கேஸ்கெட்டை எப்படிக் கழுவுவது என்ற கட்டுரைக்கு வாசகர் அதிகம், விற்பனை கிடையாது, எந்த கிரைண்டர் வாங்கலாம் என்ற கட்டுரைக்கு வாசகர் குறைவு, கமிஷனில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. அந்தக் கட்டுரையில் இருந்த ஒன்பது இணைப்புகளில் நான்கு, எப்போதோ விற்பனை நின்றுபோன மாடல்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றை மாற்றி, இப்போது கிடைக்கும் மாடல்களை எடை, கல், உத்தரவாதக் காலம் ஆகியவற்றோடு ஒரே அட்டவணையில் ஒப்பிட்டு எழுதினேன். கமிஷன் அறிவிப்பைப் பழைய இடத்திலேயே வைத்தேன். நான்கு மாதத்தில் வருமானம் 14,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது.

தளத்தை யாரிடமாவது ஒப்படைத்திருப்பவர்கள் இன்றிரவே, அட்மினாக உள்நுழையாத, அமேசான் செயலி இல்லாத, வீட்டில் வேறொருவருடைய போனில் உங்கள் பக்கத்தைத் திறந்து, வெற்றிடத்தையும் இணைப்புகளையும் இருபது முறையாவது தொட்டு, முகவரிப் பட்டையில் வரும் குறி உங்களுடையதுதானா என்று பாருங்கள். பயனர் பட்டியலில் நீங்கள் சேர்க்காத பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதே வாக்குறுதி, அதே சொற்களோடு, போன வாரம் வேறொரு பெயரில் வேறொரு குழுவில் வந்திருந்தது. கட்டணம் இப்போது 60,000 ரூபாய்.