முதல் குழந்தைக்கு வீட்டுக்கு வரும் நர்ஸா, மருத்துவமனை செக்கப்பா?

முதல் குழந்தை என்றால் எந்த வலி சாதாரணம், எதற்குப் பயப்பட வேண்டும் என்றே தெரியாது. எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. எல்லாச் செக்கப்புக்கும் மருத்துவமனைக்கே போய்வருவது ஒன்று. ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் அங்கே போய்விட்டு மற்றதையெல்லாம் வீட்டுக்கு வரும் நர்ஸிடம் பார்த்துக்கொள்வது இன்னொன்று. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். மறுபடி ஒரு வாய்ப்பு வந்தாலும் அதையேதான் எடுப்பேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

பேச்சுக்கே இடமில்லாதவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். 18 முதல் 22 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனுக்கு மருத்துவமனைக்கோ ஸ்கேன் மையத்துக்கோ போய்த்தான் ஆக வேண்டும். 24 முதல் 28 வாரத்தில் எடுக்கும் சுகர் டெஸ்ட்டும் பெரும்பாலும் அப்படித்தான். அதனால் வீட்டு வருகையை மருத்துவமனைக்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கர்ப்பகாலத்தில் குறைந்தது 8 முறையாவது மருத்துவப் பணியாளரைச் சந்திக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொன்னது (அதற்கு முன்பு 4 முறைதான் சொல்லியிருந்தார்கள்). அந்த எட்டில் எதை வீட்டில் வைத்துக்கொள்வது என்பதுதான் உண்மையான கேள்வி.

வீட்டுக்கு வருகிறார்கள் என்றதும் பலர் வீட்டைக் கழுவித் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்கள் வருவது வீட்டைச் சோதனை போட அல்ல. பிரஷர் பார்ப்பார்கள், சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்துப் புரதம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள், வயிற்றை டேப்பால் அளப்பார்கள், கையடக்கக் கருவி வைத்திருந்தால் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைப்பார்கள். முதல் வருகையில் பாதி நேரம் கேள்விகளிலேயே போய்விடும்: குடும்பத்தில் யாருக்காவது சுகர், பிரஷர் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், தூக்கம் எப்படி, பிரசவத்துக்குப் பிறகு கூட இருக்கப்போவது யார் என்று. ஒரு கட்டத்தில் கணவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வீட்டில் யாராவது மிரட்டுகிறார்களா, அடிக்கிறார்களா என்றும் கேட்கலாம். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான் அது, கணவர்மார் மனத்தாங்கல் கொள்ள வேண்டாம். குழந்தையை எங்கே படுக்க வைக்கப் போகிறீர்கள் என்று அந்த இடத்தையே பார்த்துச் சொல்வதுதான் எனக்கு ரொம்பப் பயன்பட்டது. மல்லாக்க, சமமான, அழுத்தமான படுக்கையில், தலையணை, பொம்மை எதுவும் பக்கத்தில் இல்லாமல் படுக்க வைக்க வேண்டும் என்பதை மருத்துவமனையிலும் சொல்வார்கள்தான். ஆனால் நம் கட்டிலைப் பார்த்து "இந்த மெத்தை வேண்டாம், ரொம்ப அமுங்குகிறது" என்று சொல்ல அங்கிருப்பவர்களால் முடியாது.

இனி அந்த நிபந்தனை. ஒவ்வொரு முறையும் ஒரே நர்ஸ் வர வேண்டும். இது இருந்தால் வீட்டு வருகைக்கு ஈடு இல்லை, இது இல்லாவிட்டால் பயணம் மிச்சம் என்பதைத் தவிரப் பெரிய லாபம் இல்லை. நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கர்ப்பகாலத்தில் கவனிக்க வேண்டிய பல விஷயங்கள் 'முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது' என்ற ஒப்பீட்டில்தான் பிடிபடும். 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும், அது எண், யார் வந்தாலும் தெரிந்துவிடும். ஆனால் முகம் திடீரென்று உப்பியிருக்கிறது என்பது போன முறை உங்கள் முகத்தைப் பார்த்தவருக்குத்தான் சட்டென்று தெரியும். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று நீங்கள் லேசாகச் சொல்வதை, நீங்கள் எப்போதுமே லேசாகச் சொல்கிறவர் என்று தெரிந்தவர்தான் தீவிரமாக எடுத்துக்கொள்வார்.

மனநிலை விஷயத்தில் இது இன்னும் முக்கியம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய 1987-இல் வெளியான எடின்பரோ கேள்வித்தாளைப் பல இடங்களில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். பத்தே கேள்விகள்தான். பத்தாவது கேள்வி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. முதல் தடவையாகப் பார்க்கிற ஒருவர் அதை நீட்டினால், பெரும்பாலான பெண்கள் "இல்லை" என்று டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். வயிற்றில் குழந்தை இருந்த காலத்திலிருந்தே வந்துபோகிறவரிடம் அப்படிப் பொய் சொல்ல வாய் வராது.

ஒரே மருத்துவச்சியோ, அவரைச் சேர்ந்த சிறு குழுவோ கர்ப்பம், பிரசவம், அதற்குப் பிறகு என்று தொடர்ந்து கவனிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனத்தின் அதே 2016 வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது, மருத்துவச்சிகள் நல்ல முறையில் இயங்கும் இடங்களில் என்ற வரையறையோடு.

குழந்தை பிறந்த முதல் வாரத்தில்தான் வித்தியாசம் முழுசாகத் தெரியும். தையல் வலி, தூக்கமில்லை, பால் சரியாக இறங்குகிறதா என்ற பயம். இந்த நிலையில் கிளம்பிப் போய் வரிசையில் உட்காருவது கொடுமை. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒருமுறை, 7 முதல் 14 நாட்களுக்குள் ஒருமுறை, ஆறாவது வாரத்தில் ஒருமுறை என்று பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று சந்திப்புகளை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. முதல் வாரத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பதையும் அது பரிந்துரைக்கிறது. அப்போது குழந்தையின் உடுப்பைக் கழற்றி எடை பார்ப்பார்கள். முதல் சில நாட்களில் எடை குறைவது இயல்புதான், பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் பால் போதுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பார்த்து மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று கவனிப்பார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தால் காத்திருக்கவே கூடாது, நேராக மருத்துவமனைதான். அப்புறம், நாம் வழக்கமாக உட்காரும் அதே நாற்காலியில், அதே தலையணையோடு பால் கொடுப்பதைப் பார்த்துத் திருத்துவார்கள். மருத்துவமனைக் கட்டிலில் குழந்தை மார்பைச் சரியாகக் கவ்விய பிடி வீட்டுக்கு வந்ததும் வராமல் போவது நிறையப் பேருக்கு நடக்கிறது.

மருத்துவமனை செக்கப்பின் பலம் என்னவென்றால், சந்தேகம் வந்த நிமிடமே பக்கத்து அறையில் டாக்டர், ஸ்கேன், லேப். அது சின்ன விஷயம் இல்லை. இரட்டைக் குழந்தை, ஏற்கனவே பிரஷர், சுகர், இதயப் பிரச்சினை இருப்பவர்கள் விஷயத்தில் எனக்கு அனுபவம் கிடையாது, அவர்கள் டாக்டர் சொல்கிறபடி போவதுதான் சரி. வீடியோ காலில் பார்ப்பதும் இப்போது ஒரு வழியாகச் சொல்லப்படுகிறது. சந்தேகம் கேட்க அது போதும். வயிற்றை அளக்க முடியாது, குழந்தையின் நிறத்தைத் திரையில் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வீட்டு வருகைக்குப் பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியவை: கடைசி வரை ஒரே ஆள் வருவாரா, அவர் லீவில் போனால் வரப்போகிறவரை முன்கூட்டியே ஒருமுறை அறிமுகப்படுத்துவார்களா, பிரஷர், எடை, அளவுகளை எழுதும் நோட்டு நம் கையிலேயே இருக்குமா, ராத்திரியில் ரத்தப்போக்கோ, குழந்தையின் அசைவு குறைந்த மாதிரியோ தெரிந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். முதல் கேள்விக்கே "யார் ஃப்ரீயா இருக்காங்களோ அவங்க வருவாங்க" என்று பதில் வந்தால், நானாக இருந்தால் மருத்துவமனையில் ஒரே டாக்டரிடம் தொடர்ந்து பார்க்க முடியுமா என்று விசாரித்து, அந்தப் பக்கம் போய்விடுவேன்.