ஓவர்லீஃப்: முதல் வருட இன்ஜினியரிங் பிள்ளைக்கு ஒரு பக்க சிவி

யாழ்ப்பாணத்தில் சிவி செய்ய வேண்டும் என்றால் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் காட்டும் வழி டைப் அடித்துப் பிரிண்ட் எடுக்கும் கொமினிகேசன் கடைதான். திருநெல்வேலிப் பக்கம் கம்பஸைச் சுற்றி எத்தனையோ இருக்கின்றன. பெயர், விலாசம், ஓ.எல்., ஏ.எல். பரீட்சை ரிசல்ட் எல்லாவற்றையும் ஒரு கொப்பித்தாளில் எழுதிக் கொடுத்தால், அங்கே இருப்பவர் முன்பு யாருக்கோ அடித்த சிவியைத் திறந்து, விபரங்களை மாற்றி, கையோடு பிரிண்ட் எடுத்துத் தந்துவிடுவார். வேலை சுத்தம், எழுத்துப்பிழையும் குறைவு. ஆனால் அது வங்கி வேலைக்கும் ஆசிரியர் நியமனத்துக்கும் அடித்துப் பழகிய கை. தகப்பன் பெயர், அடையாள அட்டை இலக்கம், சமயம், விவாகமானவரா இல்லையா, உறவினர் அல்லாத இருவரின் பெயர், அடியில் "மேற்கூறிய யாவும் உண்மை" என்று ஒரு கையொப்பம். கொழும்பில் ஒரு சொஃப்ட்வெயார் கொம்பனிக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு அனுப்பும் முதல் வருடப் பிள்ளைக்கு இதில் பாதி தேவையில்லை. தேவையான மீதிக்கு அதில் இடமே இல்லை.

நான் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் நாலாம் வருடம். வீடு கொக்குவில். சித்தியின் மகன் அதே பீடத்தில் இப்போது முதல் வருடம், துறைப் பிரிவு இன்னும் கிடைக்கவில்லை. அவனுக்காக ஓவர்லீஃப்பில் உட்கார்ந்து சிவி செய்ததை வைத்துத்தான் இந்த மதிப்பீடு.

தெரியாதவர்களுக்கு: லேடெக் என்பது கட்டளைகளை எழுதி ஆவணத்தை வடிவமைக்கும் முறை, ஓவர்லீஃப் என்பது அந்த லேடெக் ஆவணங்களை பிரவுசரிலேயே எழுத உதவும் தளம். இடப்பக்கம் கோட், வலப்பக்கம் பிடிஎஃப். மாற்றிவிட்டு ரீகம்பைல் பட்டனை அழுத்தினால் பக்கம் புதிதாக வந்து நிற்கும். லேடெக்கை லப்டொப்பில் முழுதாக இறக்குவதென்றால் பல ஜிபி போகும், ஹொஸ்டல் டேட்டாவில் அது நடக்கிற காரியமில்லை. இங்கே ஒன்றும் இறக்கத் தேவையில்லை. சிவிக்கு இலவசக் கணக்கே தாராளம். கம்பைல் செய்ய, அதாவது கோடை பிடிஎஃப் ஆக்க, நேரக் கட்டுப்பாடு உண்டு, ஆனால் ஒரு பக்க ஆவணம் அதைத் தொடவே தொடாது. இலவசக் கணக்கிலும் இன்னொருவரைச் சேர்த்து எழுதலாம் என்பதால், அவன் அறிவியல்நகரில் இருந்தும் நான் கொக்குவிலில் இருந்தும் ஒரே பக்கத்தைத் திருத்தினோம்.

"அக்கா, கன்வாவில வடிவா இருக்கே?" என்று கேட்டான். கன்வா என்ற டிசைன் தளத்தில் வடிவாகத்தான் இருக்கும். படம், இரண்டு நிரல் (கொலம்), பக்கவாட்டில் நிறப் பட்டை, "சி++" என்று எழுதி அதற்குப் பக்கத்தில் ஐந்தில் நாலு புள்ளி. அந்த நாலு புள்ளி எதில் நாலு? கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. பெரிய கொம்பனிகள் பலவற்றில் சிவியை முதலில் மென்பொருள்தான் படிக்கும், அது எழுத்துகளை உருவி எடுத்து வரிசையாக அடுக்கும்போது இரண்டு நிரல் ஒன்றோடொன்று கலந்துபோக வாய்ப்பு அதிகம். எந்தத் தளத்தில் செய்தாலும் ஒரு சோதனை போதும்: பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தெரிவு செய்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வாசிக்கிற வரிசையில் வந்தால் சரி. ஓவர்லீஃப்பில் நாங்கள் எடுத்த ஒற்றை நிரல் டெம்ப்ளேட் இதில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

எனக்கு ஓவர்லீஃப் பிடித்ததற்குக் காரணம் இது மட்டும் இல்லை. அந்த டெம்ப்ளேட் ஒரு மொட்டைப் பக்கம். தலைப்பு, கோடு, தலைப்பு, கோடு. ஒளிக்க இடமில்லை. கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது முதல் கம்பைலிலேயே தெரிந்துவிடும். தம்பி முதலில் நிரப்பியபோது பக்கத்தில் முக்கால்வாசி வெள்ளையாகக் கிடந்தது. "ஒண்டுமே இல்லையே அக்கா, என்னத்தைப் போடுறது?" என்றான். கன்வாவில் அந்த வெள்ளையை ஒரு பெரிய படமும் நாலு வட்டமும் மூடியிருக்கும். இங்கே யோசிக்க வேண்டி வந்தது.

யோசித்தால் கிடைத்தது. அவர்கள் வீட்டில் கிணற்று மோட்டரைப் போட்டுவிட்டு மறந்துபோய், மேல் டாங்கி வழிந்து முற்றம் எல்லாம் வெள்ளமாவது வழக்கம். ஏ.எல். முடித்துவிட்டு இருந்த நாட்களில் ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன கொன்ட்ரோலர் போர்ட் ஒன்றும், ஒலியால் தூரம் அளக்கும் எச்.சி-எஸ்.ஆர்.04 அல்ட்ராசொனிக் சென்சரும் வாங்கி, டாங்கி மூடிக்குள் பூட்டி, தண்ணீர் மேலே வந்ததும் பஸர் அடிக்கும்படி செய்து வைத்திருக்கிறான். சித்தி இன்றைக்கும் அந்தச் சத்தத்துக்குத்தான் ஓடிப்போய் சுவிட்ச்சை நிறுத்துகிறார். இதை அவன் சிவியில் போடவே இல்லை! போடச் சொன்னபோது எழுதிய முதல் வரி, தமிழில் சொன்னால், "நவீன ஐஓடி தொழில்நுட்பத்தில் ஸ்மார்ட் நீர் முகாமைத்துவ முறைமையொன்றை வடிவமைத்தேன்." ஐஓடி என்றால் இன்டர்நெட்டில் இணைந்த பொருள், இன்டர்நெட்டே இல்லாத பொருளுக்கு அது எங்கிருந்து வந்தது? நேர்முகத்தில் முதல் கேள்வியிலேயே பிடிபடும்.

திருத்தியது இப்படி: எந்த போர்ட், எந்த சென்சர், எத்தனை லீற்றர் டாங்கி, எந்த மட்டத்தில் அலாரம், எவ்வளவு காலமாக ஓடுகிறது. அந்த சென்சருக்கு 2 சென்ரிமீற்றர் முதல் 400 சென்ரிமீற்றர் வரைதான் அளக்க முடியும். டாங்கி நிரம்பி வழியும் நேரம் தண்ணீர் சென்சரை முட்டும் அளவுக்கு வந்தால் அளவு பிழைக்கும் என்று கண்டு, அதைக் கொஞ்சம் உயர்த்திப் பூட்டியிருக்கிறான். அதையும் அரை வரியில் சேர்த்தோம். முழுப் பக்கத்திலும் ஒரு இன்ஜினியர் நின்று வாசிக்கப்போகும் இடம் அந்த அரை வரி என்பது என் எண்ணம்.

மற்றப் பகுதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ.எல். பெறுபேறும் கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கும் இசட் ஸ்கோரும் ஒரே வரி, அதுவும் முதல் வருடத்தில் மட்டும். இரண்டாம் வருடம் வந்ததும் கம்பஸ் பாடங்களின் சராசரியான ஜிபிஏ அந்த இடத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஓ.எல். வேண்டாம். பாடசாலையில் மாணவ தலைவராக இருந்தது ஒரு வரி பெறும். எழுதிய கோடைப் போட்டு வைக்கும் கிட்ஹப் லிங்க் கட்டாயம், ஆனால் திறந்தால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். வெள்ளை இன்னும் மிச்சம் என்றால் அது சிவி பிரச்சினை இல்லை, அடுத்த ஆறு மாதத்துக்கான வேலைப் பட்டியல். பொறியியலாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஇஇஇ-இல் மாணவ உறுப்பினராகச் சேர்ந்தால் 24 மணித்தியால கோடிங் போட்டியான ஐஇஇஇஎக்ஸ்ட்ரீமில் முதல் வருடத்திலேயே இறங்கலாம். யாழ் ஐடி ஹப் நடத்தும் யாழ் கீக் சலஞ்ச் போட்டி நம்மூரிலேயே இருக்கிறது. ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களுக்குக் கோட் எழுதும் கூகிள் சமர் ஒஃப் கோட் 2005இலிருந்து நடக்கிறது, மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் அதில் உலக அளவில் பெயர் எடுத்தவர்கள். நமக்கு மட்டும் அது தூரம் என்று யார் சொன்னது? பட்டத்துக்குக் கட்டாயமான இன்டஸ்ட்ரியல் ட்ரெயினிங் பிறகுதான் வரும், முதல் வருடத்தில் இன்டர்ன்ஷிப் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதும் உண்மைதான். ஆனால் பக்கத்தை இப்போதே திறந்து வைத்தவனுக்கு நிரப்ப நேரம் இருக்கிறது.

இனிக் குறைகள். லேடெக் பழக்கமில்லாத பிள்ளைக்கு முதல் மணித்தியாலம் எரிச்சல். சில குறிகளை அப்படியே அடிக்க முடியாது, முன்னால் ஒரு பக்ஸ்லாஷ் போட வேண்டும். தம்பியின் கிட்ஹப் பெயரில் _ இருந்தது, அவ்வளவுதான், சிவப்பு நிறத்தில் எரர் மேல் எரர். அந்த எரர் சொல்வதோ டொலர் குறி இல்லையாம்! டொலருக்கும் இவன் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று அரைநாள் தேடியிருக்கிறான். & என்றாலும் # என்றாலும் இதே கதை. ஆனால் இவையாவது கத்திச் சொல்லும். % மோசமானது, சத்தமே போடாது. லேடெக்கில் அந்தக் குறிக்குப் பின்னால் வருவதெல்லாம் குறிப்பு என்று கணக்கு, அந்த வரியின் மீதி பிடிஎஃப்பில் வராது. "வகுப்பில் 90% வரவு, அத்துடன் குழுத் தலைவர்" என்று எழுதினால் "வகுப்பில் 90" என்பது மட்டும் நிற்கும். எரர் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஆகவே அனுப்புவதற்கு முன் கோடைப் பார்க்காமல் பிடிஎஃப்பை மட்டும் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்.

போனில் எழுதுவது வதை. அடைப்புக்குறிகளைத் தேடியே பெருவிரல் தேய்ந்துவிடும், லப்டொப் இல்லாதவர்கள் லாப் கம்பியூட்டரில் செய்வது நல்லது. இணைப்பு விட்டு விட்டு வரும் இடத்திலும் சரிப்படாது. ஏ9 வீதி பஸ்ஸில் ஆனையிறவு தாண்டும்போது திருத்தலாம் என்று நினைக்க வேண்டாம். தமிழ் எழுத்து வேண்டுமென்றால் கம்பைலரை ஸீலேடெக்குக்கு மாற்றி, தமிழ் எழுத்துரு ஒன்றையும் குறிப்பிட வேண்டும், வழமையான பிடிஎஃப்லேடெக்கில் தமிழ் வராது. சிவி ஆங்கிலத்தில்தான் என்பதால் எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குறைத்த அந்த அரை, % செய்யும் வேலைக்கு.

கடைசியாக ஒன்று. அங்கே இருக்கும் டெம்ப்ளேட்டுகளில் பல அமெரிக்க லெட்டர் தாள் அளவில் இருக்கும். நமக்கு ஏ4. கோடின் தொடக்கத்தில் பெரும்பாலும் தாளின் பெயர் இருக்கும், அதை மாற்றிவிட்டுத்தான் பென் டிரைவோடு கொமினிகேசனுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஓரங்கள் ஏறுக்குமாறாக வரும், "தம்பி, சின்னனாக்கி அடிக்கவோ?" என்று கடைக்காரர் கேட்பார், நீங்களும் ஓம் என்றுவிடுவீர்கள்.