லெனேசியா குளிரில் ரிமோட் ஸ்டார்ட்டர்: வாங்கினேன், நானே புரோகிராம் செய்தேன், ஒரு வாரம் அவதிப்பட்டேன்

ஜூலைக் குளிர்காலத்தில், ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கிற லெனேசியாவில் காலை ஐந்தரைக்கு வண்டி எடுக்கிறவர்களுக்குத்தான் இந்த வேதனை தெரியும். முன் கண்ணாடி முழுக்க உறைபனி, காலாவதியான பேங்க் கார்டை வைத்துச் சுரண்டிச் சுரண்டி விரல் மரத்துப்போகும். டர்பனில் இருக்கிற மச்சானிடம் சொன்னால் சிரிக்கிறான், அவனுக்கு ஜூலையிலும் அரைக்கைச் சட்டை. இங்கே கடல் மட்டத்துக்கு மேலே 1,600 மீட்டருக்கும் அதிக உயரம், சில விடியற்காலைகளில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அதனால்தான் ஃபோர்ட்ஸ்பர்க் பக்கம் ஒரு சின்னக் கடையில் 1,900 ரேண்ட் கொடுத்து, வீட்டுக்குள்ளிருந்தே பட்டனை அழுத்தி இன்ஜினை ஓடவிடுகிற ரிமோட் ஸ்டார்ட்டர் செட் ஒன்று வாங்கினேன். இரண்டு ரிமோட், ஒரு கறுப்புப் பெட்டி, ஒயர் மூட்டை, சின்ன சிவப்பு விளக்கு, ஒரு பட்டன். கூடவே ஒரு தாள், அதில் இருக்கிற ஆங்கிலம் ஆங்கிலேயனுக்கே புரியாது.

ஒயரிங் நான் செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே மஞ்சள் உறை போட்டுப் போகிறது ஏர்பேக் ஒயர், அதைத் தெரியாமல் நோண்டினால் மூஞ்சியில் வெடிக்கும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் 1,200 ரேண்ட் வாங்கிக்கொண்டு மாட்டிக் கொடுத்தார். சிப் உள்ள சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத இம்மொபிலைசரை ஏமாற்ற இரண்டு வழி உண்டு, ஒன்று சிப் உள்ள உபரிச் சாவியை டாஷ்போர்டுக்குள் ஒரு டப்பாவில் ஒளித்து வைப்பது, இன்னொன்று அதற்கென்றே வருகிற பைபாஸ் மாட்யூல். முதல் வழி மலிவு. ஆனால் கார் திருட்டு இவ்வளவு நடக்கிற ஊரில் சாவியைக் காருக்குள்ளேயே வைப்பதா? மாட்யூலுக்குத் தனியாகக் காசு கொடுத்தேன், இன்சூரன்ஸ்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்.

சரி, புரோகிராமிங். முதல் ரிமோட்டை எலக்ட்ரீஷியனே சேர்த்துவிட்டார், மனைவிக்கான இரண்டாவதை நான் சேர்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். தாளில் இருப்பது இவ்வளவுதான்: சாவியைப் பத்து விநாடிக்குள் ஐந்து தடவை ஆன், ஆஃப் செய், பார்க்கிங் லைட் ஒரு தடவை மின்னும், உடனே ரிமோட்டில் லாக் பட்டனை அழுத்து, இரண்டு தடவை மின்னினால் முடிந்தது. இதில் ஆன் என்றால் டாஷ்போர்டு விளக்கு எல்லாம் எரிகிற இடம். நான் ரேடியோ பாடுகிற இடம் வரைக்கும் திருப்பித் திருப்பி அரை மணி நேரம் ஓட்டினேன், ஒன்றும் மின்னவில்லை, பெட்டியே செத்துப்போச்சு என்று கடைக்காரரைத் திட்டி மெசேஜ் கூட அனுப்பிவிட்டேன். அப்புறம் விஷயம் புரிந்து, மின்னியது, மனைவியின் ரிமோட் வேலை செய்தது. என்னுடையது செத்தது! இந்தப் பெட்டி புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது பழையதை எல்லாம் அழித்துவிடும், அதனால் இருக்கிற எல்லா ரிமோட்டையும் ஒரே தடவையில் வரிசையாகச் சேர்க்க வேண்டும். அது தாளில் எங்கேயும் இல்லை.

அதைவிடப் பெரிய கூத்து மறுநாள் காலை. ரிமோட்டை அழுத்தினால் ஸ்டார்ட்டர் ஒரு விநாடி சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது, மூன்று தடவை முயற்சி, அப்புறம் மௌனம். இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டதா இல்லையா என்று பெட்டிக்குத் தெரிய வேண்டும், அதற்கு இன்ஜின் சுற்றும் வேகத்தை அது ஒரு தடவை கற்றுக்கொள்ள வேண்டும். சாவி போட்டு ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடாகி ஐடிலிங் சீராக நிற்கும் வரைக்கும் காத்திருந்து, பிரேக்கை மிதித்தபடி அந்தச் சின்ன பட்டனைப் பிடித்தால் சிவப்பு விளக்கு அணையாமல் நிற்கும். நான் அவசரத்தில் பச்சை இன்ஜினில், அதாவது குளிர்ந்து வேகமாக ஓடிக்கொண்டிருந்தபோதே செய்துவிட்டேன், தப்பான வேகத்தைக் கற்றுக்கொண்டு இன்னும் மோசமாகிவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்த சூட்டோடு செய்தேன், அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு தடவை கூட ஏமாற்றவில்லை.

என் உண்மையான கோபம் பானட் சுவிட்ச் மேல். பானட் திறந்திருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகக் கூடாது, யாராவது உள்ளே கையை விட்டுக்கொண்டிருக்கும்போது ஃபேன் பெல்ட் ஓடினால் விரல் போய்விடும். தாளில் அதை 'விரும்பினால்' என்று போட்டிருக்கிறார்கள். விரும்பினாலாம்! திரும்பப் போய் மாட்டச் சொன்னேன். அப்புறம் நானே சோதித்தேன்: பானட்டைத் தூக்கி வைத்து ரிமோட்டை அழுத்தினால் இன்ஜின் அசையவில்லை, ஓடும்போது சாவி இல்லாமல் பிரேக்கை மிதித்தால் உடனே அணைகிறது. முற்றத்தில் ஆளில்லாமல் வண்டி ஓடும்போது எவனாவது ஏறி உட்கார்ந்தாலும் கதை அதுதான். மூடிய காரேஜுக்குள் மட்டும் தயவுசெய்து அழுத்தாதீர்கள், புகை ஆளைக் கொன்றுவிடும்.

ரிமோட்டில் ரோலிங் கோட் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டேன், அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் கோட் மாறும், திருடன் ஒட்டுக்கேட்டாலும் அதே கோடை மறுபடி பயன்படுத்த முடியாது. இந்த வகையில் உலகமெல்லாம் புழங்கும் கீலாக் என்கிற முறை இங்கே தென்னாப்பிரிக்காவில் 1980களில் பிறந்தது, 1995இல் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஆனாலும் மால் பார்க்கிங்கில் ஜாமர் வைத்து சிக்னலையே மறிக்கிறவனை எந்தக் கோடும் தடுக்காது, லாக் அழுத்தியதும் கதவுக் கைப்பிடியை இழுத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

தினசரி பயன் நன்றாகவே இருக்கிறது. முந்தைய இரவு இறங்கும்போதே ஹீட்டரைச் சூட்டில் வைத்து, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டு வர வேண்டும், மறந்தால் காலையில் குளிர்காற்றைக் கால்மாட்டில் ஊதிக்கொண்டிருக்கும். ஓடும் நேரத்தைப் பத்து நிமிடம் வைத்திருக்கிறேன். இன்ஜினுக்காக அவ்வளவு தேவையில்லை, இந்தக் காலத்துப் பெட்ரோல் வண்டி அரை நிமிடத்தில் மெதுவாகக் கிளம்பலாம், கண்ணாடிக்காகத்தான். ரிமோட்டின் எட்டும் தூரம் அட்டையில் போட்டிருப்பதில் பாதி கூட வரவில்லை, சமையலறை ஜன்னலிலிருந்து வேலை செய்கிறது, படுக்கையறையிலிருந்து இல்லை. ஐந்துக்கு மூன்றரை. அந்தத் தாளை ஒழுங்காக எழுதியிருந்தால் நாலு.

பக்கத்து வீட்டு அங்கிள் பார்த்துவிட்டு, 'தம்பி, நம்ம பக்கிக்கும் ஒண்ணு போடேன்' என்கிறார். அவர் பக்கி, அதாவது பிக்கப் வண்டி, மேனுவல் கியர், கியரில் போட்டுத்தான் நிறுத்துவார். அப்படி நிற்கிற வண்டியை ரிமோட்டில் ஸ்டார்ட் செய்தால் நேராக கேட்டில் போய் இடிக்கும். மேனுவலுக்கென்று வரும் செட்டில் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக்கோடு விட்டு இறங்கும் ஒரு முறை இருக்கிறது, அதை அவர் தினமும் ஞாபகமாகச் செய்வார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன். இப்போது ராத்திரி கண்ணாடி மேல் அட்டைப்பெட்டியை விரித்து வைக்கிறார், காலையில் எனக்கு முன்னாலேயே கிளம்பிவிடுகிறார்.